டோறின் வீடு

சவப்பெட்டியின் தலைமாட்டில் சாப்பாட்டு மேசைக் கதிரையொன்றில் சுதர்ஷிகாவின் அப்பா யேசுராசா. அவருக்குப் பக்கத்தில் செபமாலை சொல்லிக் கொடுக்கும் இராசமலர் அக்கா. கால்மாட்டில், கம்பளத்தின்மேல், பக்கத்து வீட்டுக் கண்மணியும் கோயில் பெண்கள் சிலரும். ஜன்னலோரச் சோபாவில், எல்லர்ஸ்லி அலுவலகத்திலிருந்து வந்திருந்த சுதர்ஷிகாவின் மேலாளர். மற்ற ஆண்கள் கராஜில். வருவோரைக் கூட்டி வருவதற்காக வாசலோரம் ஒரு முக்காலியில் சுதர்ஷிகா. ஒக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பேயில் இருந்த அந்த வீட்டின் முன்னறை அவ்வளவு பேரைத்தான் தாங்கும்.

செபமாலை ஒரு சுற்று முடிந்த அமைதியில் மணி அடித்தது. கறுப்பு உடுப்பில் ஒரு வயதான வெள்ளைக்காரி. கையில் மூடிய தட்டு. இது யூடோக்சியாவின் வீடுதானே என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அறை முழுவதும் கேட்டது. மேலாளர் திரும்பிப் பார்த்தார். சுதர்ஷிகாவின் வாய் அவளை முந்திக்கொண்டது. இல்லை, இது டோறின் வீடு என்றாள்.

மரண அறிவித்தலிலும் டோறின்தான். யூடோக்சியா என்றால் பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்களென்று, சின்ன வயதில் சுதர்ஷிகா தன் அம்மாவுக்கு மாட்டிவிட்ட பெயர், ஒக்லாந்து முழுவதும் ஒட்டிக்கொண்டிருந்தது.

கிழவி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

"அந்தம்மாவா? ஏவன்டேல் சந்தையில ஆலிவ் விக்கிறவங்களாச்சே. ஞாயித்துக்கிழமை கீரை வாங்க என்கூட வந்தா, உங்கம்மா அவங்க கடையிலதான் நிப்பாங்க. எனக்குக் கால் கடுக்கும்," என்றாள் கண்மணி.

யேசுராசா நிமிரவில்லை. "கூப்பிடு பிள்ளை. அம்மாவைத் தேடித்தான் வந்தவ."

சுதர்ஷிகா வெறுங்காலோடு ஓடினாள். கிழவி வேனின் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். பெயர் ஸ்டாவ்ரூலா. வீடு சரிதான், அது என் அம்மாதான் என்று சுதர்ஷிகா சொன்னதும், ஏன் இல்லையென்றாய் என்று அவள் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கிரேக்கத்தில் தன் தீவில் இரண்டு கிழவிகளுக்கு மட்டுமே இருந்த பெயரை, மன்னாரில் பிறந்த ஒருத்தி தன் பெயரென்று சொன்னபோது திகைத்துப்போனாளாம். பிறந்த நாளுக்குரிய புனிதையின் பெயரைப் பங்குச் சாமியார் வைத்தாராம். அர்த்தம் மட்டும் உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கவில்லை என்றாள். எங்கள் பாஷையில் 'யூ' என்றால் நல்லது. 'டோக்ஸா' என்றால் மகிமை. ஊரார் நம்மைப் பற்றி நினைப்பதற்கும் அதே சொல்தான். நல்ல மதிப்பு உடையவள் என்று சொன்னபோது உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்து, தன்னை ஒருதரம் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுவாள்.

சுதர்ஷிகா தட்டை வாங்கிக்கொண்டாள். அவித்த கோதுமை, மேலே சீனியும் மாதுளை முத்துகளும். செத்தவர்களுக்காகச் செய்வதாம்.

உள்ளே வந்த ஸ்டாவ்ரூலா பெட்டியின்மேல் குனிந்து, சந்தையில் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டாள்.

"ஆர் யூடோக்சியா?" இராசமலர் அக்கா கேட்டாள்.

"இவளின்ர ஞானஸ்நானப் பேர்," என்றார் யேசுராசா.

"இத்தனை வருசமாச் செபக்கூட்டத்துக்கு வாறா. எனக்கொருக்காச் சொல்லேல்லையே?"

"பிள்ளைக்குக் கூச்சம் எண்டு, அவள் சொல்லுறேல்லை."

அவர் குரலில் கோபம் இல்லை. சுதர்ஷிகா தட்டைக் கீழே வைக்க இடம் தேடினாள். எங்கு பார்த்தாலும் யாரோ ஒருவரின் கண். செபமாலை மறுபடி தொடங்கியது. புதுப் பெயரில் இராசமலர் அக்காவின் நாக்கு தடுக்கித் தடுக்கிப் போனது. மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். சுதர்ஷிகாவின் உதடு மட்டும் அசைந்தது.

அடக்கம் முடிந்த வாரம், முப்பத்தோராம் நாள் பூசைக்காக மன்னார்ப் பங்குச் சாமியாருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். ஈமெயில் போட்டால் போதுமே என்று யாரோ சொன்னார்கள். கேட்காமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல எழுத்தெழுத்தாக எழுதினாள். பீடத்தில் நின்று அம்மாவின் ஞானஸ்நானப் பெயரைச் சத்தமாக வாசிக்கவேண்டும், வேறு பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தாள். அப்பாவிடம் நீட்டினாள். அவர் இரண்டு முறை வாசித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

உறையின் பின்புறம், அனுப்புநர் இடத்தில், 'சுதர்ஷிகா, யூடோக்சியாவின் மகள்' என்று எழுதினாள். ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, கடைத்தெருத் தபால் பெட்டிவரை நடந்துபோய்ப் போட்டாள்.

திரும்பி வரும்போதும் நாக்கில் பசையின் ருசி இருந்தது.