தெற்கு வாசலில் தொடங்கி

தகனத்துக்கு முன் உடலுக்கு உடுத்திய வேட்டியின் கரையை நேராக்கிக்கொண்டு வந்த இரவீந்திரன் மாமா, குதிக்காலுக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இதென்ன பிள்ளை, காயம்?"

அப்பா நித்தியானந்தனின் இடது குதிக்காலில் பெருவிரல் அகலத்துக்குத் தோல் உரிந்து, காய்ந்து கறுத்திருந்தது.

"புதுச் சப்பாத்து கடிச்சது, மாமா," என்றாள் யதுஷா.

அது பொய்யில்லை. ஆனால் அந்தச் சப்பாத்தோடு அப்பா எவ்வளவு தூரம் நடந்தார் என்பதை அவள் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. தலைமாட்டில் திருநீற்றைக் குழைத்துக்கொண்டிருந்த அம்மா கஜலக்சுமி ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

சீனாவிலிருந்து வந்து பதினோராம் நாள் அது நடந்தது. சுவிஸில் அவர்கள் இருக்கும் வில் நகரில் அன்று பழைய பேப்பர் எடுக்கும் நாள். பேப்பர்க் கட்டைத் தூக்கிக்கொண்டு கீழே போனவர் படியில் இருந்துவிட்டார். பிறகு எழும்பவில்லை.

சியான் நகரத்தை அவருக்குக் காட்டியது ஒரு சமையல்காரர். முப்பத்தைந்து வருடத்துக்கு முன், டாவோஸில் ஒரு ஹோட்டலில் அப்பா கோப்பை கழுவிய காலம். கூட நின்ற சீனருக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. அந்த மனிதர் கோதுமை மா தூவிய பலகையில் விரலால் ஒரு சதுரம் கீறுவார். நடுவில் குத்திவிட்டுத் தன் நெஞ்சைத் தொடுவார். ஊரைச் சுற்றி மதில். மதிலுக்கு மேலே ஒரு நாள் முழுக்க நடக்கலாம் என்று இரண்டு விரல்களால் நடந்து காட்டுவார். அன்றிருந்த அகதி அனுமதி அட்டையோடு அப்பாவால் நாட்டைத் தாண்ட முடியாது. தாண்ட முடிந்தபோது தொழிற்சாலை, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று காலம் போய்விட்டது. ஓய்வு பெற்ற பிறகுதான், "என்னோட வாறியோ?" என்று யதுஷாவைக் கேட்டார். முழங்கால் வருத்தத்தால் அம்மா போகவில்லை.

தகனசாலையில் மண்டபம் ஒரு மணித்தியாலத்துக்குத்தான் கொடுத்திருந்தார்கள். ஐயர் சுருக்கமாகவே செய்தார். வாய்க்கரிசி போட வரிசையில் வந்தவர்கள் யதுஷாவின் கையைப் பிடித்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"அங்க ஏதும் ஏலாமல் இருந்தவரோ?"

"இல்லை," என்றாள். மூன்றாம் தரம் கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினாள்.

எல்லாம் முடிந்து, மாமா கார் எடுக்கப் போனார். வெளியே கூரைக்குக் கீழே இருந்த நீள மர வாங்கில் அம்மாவும் மகளும் இருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது.

"அம்மா, ஒண்டு சொல்லவேணும்."

"சொல்லு."

"அப்பா அந்த மதில் முழுக்க நடந்தவர். பதினாலு கிலோமீற்றர். கிழக்கு வாசலடியிலயே மூச்சு வாங்கினது. அப்பதான் சொன்னவர், நெஞ்சு வருத்தத்துக்குக் கனக்க நடக்கக்கூடாதெண்டு டொக்டர் சொன்னதெண்டு. நான் நேர்ஸ் அம்மா. நாடி பிடிச்சுப் பாத்தனான். திரும்புவம் எண்டன். 'அம்மாட்டச் சொல்லாத, மிச்சத்தையும் நடப்பம்' எண்டார். நானும் ஓம் எண்டிட்டன்."

அம்மா கைலேஞ்சியை நாலாக மடித்தாள். பிறகு விரித்தாள்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"டொக்டரிட்ட நானும்தானே போனனான். உனக்குத் தெரிஞ்சால் கூட்டிக்கொண்டு போகமாட்டாய் எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர். நெஞ்சுக் குளிசையை மூண்டு இடமாப் பிரிச்சு வச்சதும் நான்தான். ஜக்கெற்றில, கைப்பையில, உன்ர பெட்டிக்க."

தன் பெட்டியில் கிடந்த குளிசைகளை அப்பா மறந்துபோய் வைத்ததென்றே யதுஷா நினைத்திருந்தாள்.

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"ஓம். சொல்லியிருக்கலாம்."

யதுஷாவுக்குக் கோபம் வந்தது. அதை யார்மேல் வைப்பது என்று தெரியாமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவடத்தில தொடங்கினீங்கள்?" என்று அம்மா கேட்டாள்.

"என்ன?"

"நடக்க."

"தெற்கு வாசலில. விடிய எட்டு மணிக்கு."

"மேலே ஏறப் படியோ?"

"படிதான். ஆனா மேல போனால் மதில் றோட்டு மாதிரி அகலம். வாடகைச் சைக்கிளில ஆக்கள் ஓடித் திரியினம். அப்பாவையும் சைக்கிள் எடுப்பமோ எண்டு கேட்டன். அந்தச் சமையல்காரர் நடக்கலாமெண்டுதானே காட்டினவர் எண்டார்." யதுஷா மூக்கைத் துடைத்தாள். "கீழே அகழியடியில வயசுபோன ஆக்கள் ஒலிபெருக்கி வச்சுப் பாடிக்கொண்டு நிண்டவை. அவையைப் பாத்தபடி கனநேரம் இருந்தார். பத்துத் தரமாவது இருந்து எழும்பியிருப்பார்."

"என்ன சாப்பிட்டவர்?"

"முதல் மாதுளம்பழம். பின்னேரம் இறங்கிவந்து, கை அகலத்துக்கு நூடில்ஸ், மேலே மிளகாய்த்தூள் போட்டு."

"இன்னும் உறைப்பு வேணுமெண்டு கேட்டிருப்பாரே."

"ஓம். தமிழிலதான் கேட்டவர். கடைக்காரி விளங்கிப் போட்டுக் குடுத்தவ."

அம்மாவின் வாய் ஒருபக்கம் கோணியது. கைலேஞ்சியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அடுத்த மண்டப நேரத்துக்கு உரியவர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு சுவிஸ் கிழவி தனியாக வந்து வாங்கடியில் நின்று மெல்லத் தலையசைத்தாள்.

"சொல்லு," என்றாள் அம்மா குரலைத் தாழ்த்தி. "மேற்குப் பக்கம் இன்னும் கிடக்கல்லோ."

சொல்லிக்கொண்டே மிச்சப் பூக்கள் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மகளோடு ஒட்டினாற்போல நகர்ந்து இருந்தாள். கிழவி ஈரக்குடையைச் சுருட்டிவிட்டு அந்த இடத்தில் அமர்ந்தாள்.