மாஸ்டரின் உள்ளங்கை

"அண்ணி, முழங்கையப் புடிச்சிட்டு உக்காந்திருக்கீங்களே, கையப் புடிங்க" என்றாள் நாத்தனார்.

அவள் முழங்கையை விடவில்லை. "உள்ளங்கையத் தொட்டா அவருக்கு வலிக்கும்மா."

கட்டிலில் கிடந்த கணவரின் இரண்டு கைகளிலும் வெள்ளைப் பருத்தி உறைகள். எப்போதாவது எட்டிப் பார்க்கிறவளுக்கு என்ன தெரியும் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

ரொட்டிக்கடையில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டிக்கொண்டவளும் அப்படித்தான். கொதிக்கிற அடுப்பிலிருந்து ஒற்றைத் துணியால் தட்டை இழுக்கிற கை அது. தைராய்டில் வந்த புற்று நுரையீரலுக்குப் பரவிய பிறகு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அது புற்றை அடக்கி வைத்தது. கூடவே உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, கொப்பளித்து, உரிந்தன. தேநீர்க் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியவில்லை. டாக்டர், "இது நோயில்ல, மருந்தோட வேலை" என்றார். அன்றிலிருந்து தோல் உரிய உரிய அவளுக்குத் தெம்பு வந்தது.

"உரியுதா மாஸ்டர்?"

"மேல நல்லா வெடிச்சிருக்கு. உள்ள வெந்திருக்கும்."

அடுப்பிலிருக்கும் ரொட்டியைச் சொல்வதுபோல அவர் சொல்ல, இருவரும் சிரிப்பார்கள்.

கட்டி சுருங்கிவிட்டது என்று தெரிந்த நாளில், சந்தோஷம் தாங்காமல் அவர் கையை இறுக்கிப் பிடித்துவிட்டாள். கொப்புளம் உடைந்தது. அவர் கத்தவில்லை, கண்ணில் நீர் முட்டியது. அதற்குப் பிறகு சாலையைக் கடக்கும்போதுகூட அவள் முழங்கையைத்தான் பிடித்தாள். கிரீம் குழாயைத் தன் கைகளுக்கு நடுவே உருட்டிச் சூடாக்கி, பஞ்சால் ஒற்றி, உறை மாட்டிவிடுவாள்.

நாத்தனார் ஒரு உறையைக் கழற்றினாள். "அண்ணி, இங்க பாருங்க. ஆறிடுச்சு. பச்சப்புள்ள கை மாதிரி இருக்கு."

அவளுக்குத் தெரியும். இனி பலனில்லை என்று மாத்திரையை நிறுத்திய நாளிலிருந்தே ஆறிக்கொண்டுதான் வந்தது. ஆறுவதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பயம். அதனால் வேறெங்கோ பார்த்தபடியே ஒற்றிவிட்டு உறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

போன் வந்து நாத்தனார் வாசலுக்குப் போனாள். மாஸ்டர் கண்ணைத் திறந்தார். குரல் போய் வெகுநாளாகிவிட்டது. வெறும் கையை மெல்லத் திருப்பி, உள்ளங்கை மேலே தெரிய, அவள் பக்கம் நீட்டினார்.

"கிரீமா? இருங்க, எடுத்துட்டு வரேன்."

அவர் தலையை அசைத்தார். ஆமாம் என்றா, வேண்டாம் என்றா, அவள் நின்று பார்க்கவில்லை. குழாய் சமையலறை ஜன்னலோரம் இருந்தது. சில்லென்று பட்டால் அவருக்கு ஆகாது. அங்கேயே நின்று நன்றாக உருட்டிவிட்டு வந்தாள்.

கை நீட்டியபடியே இருந்தது. நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

நாத்தனார் ஓடிவந்து அலறினாள். அழுது ஓய்ந்தபின் கேட்டாள்: "கடைசியா அண்ணன் ஏதாச்சும் கேட்டாரா?"

"கிரீம் தடவச் சொன்னார்."

சொல்லும்போதே அது அப்படியில்லை என்று அவளுக்கு உறைத்தது. குழாய் இன்னும் கைக்குள்ளேயே இருந்தது, கொஞ்சம் சூடாக.

மூடியைத் திறந்தாள். பஞ்சைத் தேடவில்லை. தன் உள்ளங்கையில் பிதுக்கி, அவர் உள்ளங்கையோடு சேர்த்து வைத்து, விரலிடுக்கெல்லாம் அழுத்தித் தேய்த்தாள். முகம் சுளிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே தேய்த்தாள்.