மத்தியானக் குறட்டை

என் தம்பி பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து முதுகு போனபோது வலி மாத்திரையில் ஆரம்பித்தான். மாத்திரை பத்தாமல் பொடி, பொடி பத்தாமல் ஊசி. அளவு ஏறிக்கொண்டே போனது. அப்புறம் போதை மறுவாழ்வு இல்லத்தில் மூன்று மாதம் கிடந்து, தேறி வீட்டுக்கு வந்தான்.

தேறியவனுக்குத் தூக்கம்தான் வரவில்லை. கால் குடையுது என்று கூடத்தில் நடந்துகொண்டே இருப்பான். அம்மாவும் கூடவே விழித்திருப்பாள். "இவன் ஒருநாள் அசந்து தூங்கினாப் போதும், எனக்கு வேற எதுவும் வேணாம்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் புலம்புவாள்.

அன்று சலவைக்கடை வேலை முடிந்து மத்தியானமே வந்துவிட்டேன். அம்மா வாசலிலேயே மறித்து, உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா வாடி. தம்பி தூங்குறான்."

முகமெல்லாம் சிரிப்பு. ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, பக்கத்து வீட்டில் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தவனையும் சண்டை போட்டு நிறுத்தியிருந்தாள். அம்மா வாயைத் திறந்தால் எந்த மெஷினும் நிற்கும்.

"என்னா குறட்டைங்கிற! கொர்ரு கொர்ருன்னு, அப்படியே உங்கப்பன். இப்பதான் அடங்குச்சு."

ராத்திரியெல்லாம் கண்மூடாதவனுக்குப் பட்டப்பகலில் இப்படியொரு தூக்கமா? உள்ளே ஓடி விளக்கைப் போட்டேன். உதடும் நகமும் நீலம் பாரித்துக் கிடந்தன. கட்டிலுக்கடியில் ஊசி. பாவி, பாவி என்று அவன் கன்னத்தில் அறைந்தேன். அவன் அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னை மட்டும் தனியே கூப்பிட்டார்.

"மூணு மாசம் விட்டிருந்த உடம்பு, பழைய அளவைத் தாங்காதும்மா. மூளை மட்டும் அதையேதான் கேக்கும். ஊசி போட்டதும் மூச்சு கொஞ்சம் கொஞ்சமா அடங்கிடும். குறட்டை விட்டாரா?"

"விட்டானாம்."

"அது தூக்கம் இல்லம்மா. மூச்சுக்குத் தவிச்ச சத்தம். அப்பவே கொண்டுவந்திருந்தா மாத்து மருந்து போட்டு எழுப்பியிருக்கலாம்."

இல்லத்திலிருந்து அனுப்பும்போது கைதட்டினார்கள், மாலை போட்டார்கள். இதை ஒருத்தராவது சொல்லித் தொலைத்தார்களா? அந்த நேரத்தில் யாரையாவது கடித்துக் குதறியிருப்பேன்.

வெளியே பெஞ்சில் அம்மா அழாமல் உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தூக்கத்துலயே போயிட்டான், இல்லடி? கஷ்டப்படலையே?"

"இல்லம்மா."

"நான் கதவுகிட்டயேதான் உக்காந்திருந்தேன். ஒருத்தரையும் எழுப்ப விடல."

"தெரியும்மா" என்றேன்.