முகிலாழியிடம் ஒரு கையெழுத்து

குழந்தைக்கு முகிலாழி என்று பெயர் வைக்க வேண்டுமானால் முகிலாழியிடமே கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்று நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. கடிதம் வெள்ளிக்கிழமை மதியம்தான் வந்து சேர்ந்தது. தணிகைநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

குழந்தை பிறந்து பதினெட்டு நாளாகிறது. பதினெட்டு நாளும் அது தூங்கவில்லை. அழவும் இல்லை. கண்ணைத் திறந்தபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடந்தது. பெயர் வைக்காத குழந்தைகள் தூங்காது, அது வழக்கம்தான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இருபது நாளைத் தாண்ட விட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அதை மட்டும் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

முகிலாழி ஒரு தொடர்கதையில் வருகிற இளவரசி. தணிகைநாதனின் மனைவி அம்சவேணிக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. மூன்றாவது முறை படுக்கையை விட்டு எழவே கூடாது என்றார்கள். அவளுக்குப் பொழுது போக வேண்டுமே என்று பழைய பேப்பர் கடையில் ஒரு பைண்டு புத்தகம் வாங்கி வந்தான். நின்றுபோன ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து யாரோ கிழித்துச் சேர்த்துத் தைத்த கதை. தினமும் வேலை விட்டு வந்து ஒரு அத்தியாயம் படித்துக் காட்டினான். முகிலாழி தன் கல்யாணத்தன்று அரண்மனைக்குத் தீ வைத்த அத்தியாயத்தில் குழந்தை முதல் தடவையாக உதைத்தது. அம்சவேணி அன்றைக்கே பெயரை முடிவு செய்துவிட்டாள்.

தணிகைநாதனின் அக்காவுக்குத்தான் பிடிக்கவில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவன் வீட்டைக் கொளுத்திவிட்டு ஓடினவள் பெயரை யாராவது வைப்பார்களா என்றாள். கடைசியில் அவள் என்ன ஆனாள் என்றாவது தெரியுமா என்றும் கேட்டாள். அது யாருக்கும் தெரியாது.

பெயர்ப் பிரிவு எழுத்தர் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தப் பெயருக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்றார்.

"அவங்க சம்மதிச்சா வைங்க. இல்லன்னா வேற பாருங்க. வசந்தான்னு ஒண்ணு காலியா இருக்கு."

"இந்தப் பேருதான் சார் வேணும்."

"அப்ப இந்தப் படிவத்த எடுத்துக்கிட்டு லிஃப்ட்ல போங்க."

தணிகைநாதன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அந்த லிஃப்ட் மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. பக்கவாட்டில் போனது. குலுங்காமல் போனது. யாரோ நன்றாகப் பராமரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

இறங்கியதும் ஒரு நடைபாதை. அதன் முடிவில் ஒரு கதவு. கைக்கடிகாரத்தில் நாலு பத்து. இன்னும் நேரம் இருக்கிறது என்று அவன் நின்று மூச்சு வாங்கினான். கதவு சற்றுத் தள்ளிப் போனது. பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெண், இங்கே நின்றால் நீளும் என்று நிமிராமலே சொன்னாள். அவள் நடந்துகொண்டேதான் பெருக்கினாள். அவன் ஓடினான். நாலு ஐம்பதுக்குக் கதவைத் தொட்டான்.

உள்ளே ஓர் ஆறு இருந்தது. படித்துறையின் கடைசிப் படியில் முகிலாழி நின்றிருந்தாள். ஒரு கால் படியில். ஒரு கால் படகில். ஒரு கையில் எரிகிற தீப்பந்தம், மறு கையில் படகின் கயிறு. ஐம்பத்து மூன்றாம் அத்தியாயம் அந்த இடத்தில்தான் முடிகிறது. ஐம்பத்து நான்கு வரவே இல்லை.

தொடரில் அவள் செந்தமிழில்தான் பேசுவாள். இத்தனை வருடம் இங்கே இருந்ததில் ஆபீஸ் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

"போட்டுத் தரேன். ஆனா கை காலியா இல்லையே," என்றாள். "அடுத்தது என்னன்னு சொல்லுங்க."

அவனுக்குக் கதை சொல்லத் தெரியாது. படகில் ஏறிவிடுங்கள் என்றான். ஏறினால் ஓட்ட ஆள் இல்லை, கீழே அருவி இருக்கிறது என்றாள். அப்படியானால் கரைக்கு வந்துவிடுங்கள் என்றான். கரையில் பிடிக்க வந்தவர்களின் குதிரைகள் காத்திருக்கின்றன என்றாள். காது கொடுத்துக் கேட்டான். கதவுக்கு வெளியே குளம்புச் சத்தம் கேட்டது.

"யோசிச்சு சொல்லுங்க. நீங்க எதச் சொன்னாலும் அது உங்க பொண்ணுக்கும் சேர்த்துத்தான்."

தணிகைநாதன் படிகளில் ஏறினான், இறங்கினான். அருவியையும் சொல்ல முடியவில்லை, குதிரையையும் சொல்ல முடியவில்லை. நாலு ஐம்பத்தாறு. வசந்தா நல்ல பெயர்தான் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன் மீதே கோபம் வந்தது. கைப்பேசியை எடுத்து அம்சவேணிக்கு விஷயத்தைச் சொன்னான்.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "எத்தன வருஷமா நிக்கிறாங்களாம்?" என்றாள்.

"பத்திரிகை நின்னு இருவத்தாறு வருஷம்."

"ஏங்க, மொதல்ல அவங்கள உக்காரச் சொல்லுங்க."

அவன் திரும்பி முகிலாழியிடம் சொன்னான். அப்படி ஒன்று இருப்பதாக அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கயிற்றை விட்டாள். காலைப் படகிலிருந்து எடுத்தாள். படகு தன்பாட்டுக்கு நகர்ந்து போனது. அவள் படியில் உட்கார்ந்து முழங்காலை இரண்டு தரம் நீவிக்கொண்டாள். வெளியே குளம்புச் சத்தம் நின்றுபோனது.

தீப்பந்தத்தை அவன் வாங்கிக்கொண்டான். அவள் படிவத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். கிறுக்கல் இல்லாத எழுத்து. பிறகு தீப்பந்தத்தைத் திரும்ப வாங்கித் தண்ணீரில் முக்கினாள்.

"உட்கார்ந்த பின்னாடி என்ன?" என்று கேட்டாள்.

தெரியாது என்றான். சாயந்திரம் ஆறு மணிக்குப் பெயர் வைக்கிறோம், வீட்டில் கேசரி செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான் தெரியும் என்றான். அவள் தலையாட்டினாள்.

எங்கும் நிற்காமல் ஓடியதில் திரும்பும்போது நடைபாதை சில எட்டுகளிலேயே முடிந்தது. நாலு ஐம்பத்தொன்பதுக்கு எழுத்தர் முத்திரை குத்தினார். பெயர் நீளம், கூப்பிடச் சிரமம் என்று மட்டும் சொன்னார்.

ஆறு மணிக்கு அம்சவேணி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். அக்கா சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தணிகைநாதன் குழந்தையின் காதருகே குனிந்தான். முகிலாழி என்றான். குழந்தை மின்விசிறியிலிருந்து பார்வையை எடுத்து அவனைப் பார்த்தது. முகிலாழி என்றான். குழந்தை கண்ணை மூடியது. மூன்றாம் முறையும் சொன்னான்.

"ம்," என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

அக்கா கட்டியிருந்த கையை எடுத்தாள். அம்சவேணி மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

"உள்ள வாங்க," என்றாள். "மெதுவாப் பேசுங்க. தூங்குது."