நோட்டில் ஒட்டிய நட்சத்திரம்

டான்யூப் ஆற்றங்கரையிலிருந்த அந்தச் சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் திக்குவாய்ப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள் ருமியானா. பஞ்சு உருண்டையை உறிஞ்சுகுழாயால் ஊதி மேஜைமேல் கோல் போடுவது, கண்ணாடி முன் உட்கார்ந்து நாக்கைத் துருத்துவது, கைப்பொம்மைகளைப் பேசவைப்பது, எழுத்துக்கு ஒரு தட்டாக மேஜையைத் தட்டிக்கொண்டே சொல்வது என்று நாள் போகும். முடிந்ததும் பிள்ளை சொன்னதை நோட்டில் எழுதி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போடவேண்டும். இருபது வருஷப் பழக்கம்.

அந்தப் பழக்கம்தான் குடியைக் கெடுத்தது. ஒருநாள், எட்டு வயது எலிட்சா ஓநாய் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு, ஒரு திக்கல்கூட இல்லாமல் பேசினாள். "அப்பா கரடி அம்மா கரடிய பெல்ட்டால ரத்தம் வர அடிச்சுது." கேட்ட ருமியானா, நாளைக் காலையில் போலீசுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். ஆனால் ஆறு மாதமாக இரண்டு வார்த்தை கோர்க்காத பிள்ளை முழு வாக்கியம் பேசிய சந்தோஷத்தில், கை தன்பாட்டில் நோட்டை இழுத்து எழுதி, சிவப்பு நட்சத்திரமும் ஒட்டிவிட்டது. மகராசிக்கு அந்த நேரம் பார்த்துப் புத்தி எங்கே போனதோ!

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்தான் வெலிகோ, எலிட்சாவின் அப்பன். ஒரு கையில் நோட்டு. இன்னொரு கையில் மகளின் பின்னல்.

"யாருடி கரடி? ஊரக் கூட்டிச் சொல்லுடி, யாரு கரடி?"

"பிள்ளைய விடுங்க. மொதல்ல அவ முடிய விடுங்க!"

மகளைச் சுவரில் வீசினான். ஓநாய் பொம்மையை இரண்டாகக் கிழித்தான். நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தான். கண்ணாடிச் சில்லுகள் ருமியானாவின் நெற்றியைக் கிழித்தன. கண்ணில் ரத்தம் வழிந்து அவள் தடுமாறும்போதே கழுத்தைப் பிடித்து மேஜையோடு அழுத்தினான். கட்டைவிரல்கள் குரல்வளைக்குள் இறங்கின. "பேச்சா சொல்லித்தர்ற? இப்பப் பேசு பாப்போம்!"

அவன் காலை எலிட்சா கடித்தாள். அவன் உதறியும் அவள் விடவில்லை. அதற்குள் துப்புரவுக்காரி பென்கா இரும்பு வாளியோடு ஓடிவந்தாள். நூறு கிலோ உடம்பு. "எடுபட்ட பயலே!" என்று கத்தி, அவன் மண்டையில் ஓங்கி ஒரு போடு போட்டாள். இரண்டாவது அடியில் விழுந்தான். அப்புறமும் பென்கா நிறுத்தவில்லை. வெலிகோவின் வீட்டுக்குப் போய்விட்டு அவனைத் தேடி வந்த போலீஸ்காரர்தான் வாளியைப் பிடுங்க வேண்டியிருந்தது.

விலங்கு மாட்டியபின் அவர் கேட்டார்: "உன் பொண்டாட்டி எங்கடா? வீடு தெறந்து கெடக்கு, வாசல்ல ரத்தம். ஆள் இல்ல."

உடைந்த பல்லைத் துப்பிவிட்டு வெலிகோ சிரித்தான். "மகளக் கேளுங்க சார். கூடவே நின்னு பாத்தா. அவ சொல்லி முடிக்கறதுக்குள்ள நெவெனா செத்தே போயிருவா."

எலிட்சா வாயைத் திறந்தாள். "கி... கி... கி..." கழுத்து நரம்பு புடைத்தது, முகம் நீலம் பாரித்தது. "சீக்கிரம் சொல்லும்மா!" என்று போலீஸ்காரர் அவசரப்படுத்தியதில் இருந்த சத்தமும் போயிற்று. கிழிந்த ஓநாய் பொம்மையைக் கை தேடியது.

ருமியானாவுக்குக் குரலே வரவில்லை. பேச முயன்றால் ரத்தம்தான் வந்தது. தரையில் தவழ்ந்து வந்து, பிள்ளையின் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து, உள்ளங்கையால் தரையைத் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று. அவசரமில்லாமல், தினமும் மேஜையில் தட்டுவதுபோலவே. உள்ளங்கையில் சில்லு குத்தியது. தட்டிக்கொண்டே இருந்தாள்.

எலிட்சாவின் சின்னக் கையும் தட்டியது.

"கி. ண. று."

இன்னும் தட்டினாள். "மூ. டி. போட். ட. கி. ண. று."

வெலிகோவின் சிரிப்பு நின்றது.

வெலிகோ வீட்டுக் கொல்லைப்புறத்துப் பழங்கிணற்றிலிருந்து நெவெனாவைத் தூக்கியபோது இடுப்பெலும்பு முறிந்திருந்தது, மண்டை உடைந்திருந்தது. உயிர் இருந்தது. பென்காதான் ஓடிவந்து சொன்னாள். "பொழச்சுக்கிட்டாடி கண்ணு, உங்கம்மா பொழச்சுக்கிட்டா!"

ருமியானா அழுதாள். எலிட்சா அழவில்லை. கீழே கிடந்த நோட்டை எடுத்து, ரத்தம் பட்ட அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு எழுத்துக்கும் தன் தொடையில் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"டீச். சர். இ. த. எ. ழு. த. மாட். டீங். கள்ல?"