மந்திரித்த உப்பு

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருசத்திலேயே செல்வநாயகம் சேர் தன் ஆராய்ச்சியில் சுவேதினியைச் சேர்த்துக்கொண்டார். சண்டை முடிந்து சனங்கள் திரும்பி வந்து குடியேறிய கரையோரங்களில், கிணறுகளில் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்று பார்க்கிற வேலை. கரையோர ஊரான வங்காலைக்காரி என்பதால் அவளுக்கு அந்த இடம் கிடைத்தது.

தாய் லூசியாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. "யூனிவேர்சிற்றி ஆக்கள் எங்கட கிணத்தைப் பார்க்க வருகினமாம்" என்று தெருவெல்லாம் சொன்னாள். அவர்கள் வருவதற்கு முதல்நாள் கிணற்றை இறைத்துக் கழுவி, ஊற்று வந்ததும் கோயிலில் பாதிரியார் மந்திரித்த உப்பை ஒரு பேசின் நிறையத் தூக்கி வந்தாள்.

"அம்மா, நாளைக்குத் தண்ணி எடுக்க வருவினம். உப்பு வேண்டாமே."

"விசர்க்கதை கதையாதை. இத்தனை வருசம் ஆமிக்காரன் குளிச்ச கிணறு. மந்திரிச்ச உப்புப் போடாமல் ஆக்களுக்குக் காட்டுறதே? பிடி அந்தப் பக்கத்தை."

சுவேதினி பிடித்தாள். இருவருமாகக் கொட்டினார்கள்.

மறுநாள் சேரும், கூடப் படிக்கிற பிரசாந்தனும் வந்தபோது சொல்லியிருக்கலாம். ஆனால் பிரசாந்தன் எதையும் பகிடியாக்குகிறவன். முந்தின கிழமை வேறொரு ஊரில் கிணற்றுக் கப்பியில் எலுமிச்சம்பழம் கட்டியிருந்ததைக் கண்டு, யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் சிரித்தவன். அடுத்த பகிடி அம்மாவாக இருக்கும். சுவேதினி பேசாமல் போத்தலை நிரப்பி, பெயர் ஒட்டிக் கொடுத்தாள்.

ஒரு மாதத்தில் சேர் பிரசாந்தனோடு முடிவைக் கொண்டு வந்து, கோயில் வளவில் சனத்தைக் கூட்டினார். "லூசியா அம்மாவின்ர கிணத்துக்குள்ள கடல் வந்திட்டுது. இனிக் குடிக்கக் கூடாது."

பக்கத்து வீட்டு யாகப்பர் எழும்பினார். "சேர், இண்டைக்கும் அந்தத் தண்ணியிலதானே தேத்தண்ணி குடிச்சனான். நல்லாத்தானே கிடக்கு?"

"உங்கட நாக்குக்கு என்ன தெரியும் அண்ணை? என்ர பிள்ளை மெசினில பார்த்துச் சொல்லுது" என்று லூசியா அவரை அடக்கினாள். "நாளையில இருந்து நான் கோயில் கிணத்தில அள்ளுறன்."

கோயில் கிணறு அரை மைல். லூசியாவின் முழங்காலுக்குள் ஷெல் துண்டு இன்னும் இருந்தது.

சுவேதினி எழும்பினாள். "சேர்... கடல் வரேல்லை. தண்ணி எடுக்கிறதுக்கு முதல்நாள் நாங்கள் உப்புப் போட்டனாங்கள். மந்திரிச்ச உப்பு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிரசாந்தன் சிரிக்கவில்லை. அவன் தலை குனிந்து நின்றதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சேர் கண்ணாடியைக் கழற்றினார். "போத்தல் நிரப்பேக்க உமக்கு இது தெரியுமோ?"

"ஓம் சேர்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"வெக்கமாயிருந்தது சேர்."

லூசியா மகளைத் திரும்பிப் பார்த்தாள். "உப்பை நினைச்சோ வெக்கம்? என்னை நினைச்சோ?"



"சரி, திரும்ப எடுப்பம்" என்று சேர் புதுப் போத்தல் ஒன்றைச் சுவேதினியிடம் கொடுத்தார். எல்லோரும் லூசியாவின் கிணற்றடிக்குப் போனார்கள். லூசியாதான் வாளியை விட்டாள். போத்தலோடு கிட்டப் போன மகளைத் தாண்டி, நிறைந்த வாளியைப் பிரசாந்தனிடம் நீட்டினாள்.

"நீங்கள் நிரப்புங்கோ தம்பி."