முதல் பத்துப் பக்கம்

திரைக்கதையைப் படக் கம்பெனிகளுக்கு விற்றுத் தருகிற ஏஜென்ட்டுகள் முதல் பத்துப் பக்கம்தான் படிப்பார்கள். அது பிடித்தால் மீதியைக் கேட்பார்கள், பிடிக்காவிட்டால் பதில்கூடப் போடமாட்டார்கள். திரைக்கதை எழுதுகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. ஏஜென்ட் இல்லாமல் படக் கம்பெனிக்குள் ஒரு காகிதம் நுழைய முடியாது. நாளைக்கு எவனாவது வந்து என் கதையைத் திருடிவிட்டீர்கள் என்று வழக்குப் போடுவான் என்று அவர்களுக்குப் பயம். ஆகவே எழுதுகிறவன் ஏஜென்ட் வாசலில் தவம் கிடக்க வேண்டியதுதான். நம் ஆளும் வருஷக்கணக்கில் கிடந்தான்.

பிழைப்பு டிரைவிங் ஸ்கூலில். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கின்மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, உயிரை அடுத்தவர் கையில் ஒப்படைக்கிற வேலை. பழக வருகிறவர்கள் ‘மாஸ்டர்’ என்பார்கள். அவன் இல்லாத நேரத்தில் ஆபீஸில் ‘பத்துப் பக்கம்’ என்பார்கள். “பத்துப் பக்கம் இன்னிக்கு உம்முனு இருக்காரே, யாரோ கதவைச் சாத்திட்டாங்க போல” என்று கணக்குப் பார்க்கிற அம்மாள் சொல்வதை அவனே ஒருமுறை வாசலில் நின்று கேட்டிருக்கிறான். அவனுக்கும் சிரிப்புத்தான் வந்தது.

கதை என்னவோ அவனுடையது இல்லை. அக்காவுடையது.

அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அக்காதான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ஈர விரிப்புகளைச் சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்தால் மறுபக்கம் சுருக்கமில்லாமல் காய்ந்து வரும். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புச் சட்டம் உண்டு. கை பட்டால் மெஷின் நின்றுவிடும். ஆனால் விரிப்பின் முனை பட்டாலும் நின்றுவிடும், வேலை தாமதமாகும். மேற்பார்வையாளருக்கு அது பொறுக்கவில்லை. “சட்டத்தைத் தூக்கிக் கட்டிடு” என்று ஒரு துண்டுக் கம்பியை அக்காவிடம் நீட்டினார். அவள் கட்டினாள். அந்த வாரமே, எதிர்முனையில் நின்று அவளோடு விரிப்புப் பிடிக்கிற தோழியின் வலது கை உள்ளே போய்விட்டது. விசாரிக்க ஆட்கள் வருவதற்குள் கம்பி காணாமல் போயிருந்தது. சட்டம் கட்டியிருந்ததா என்று கேட்டார்கள். “நான் பார்க்கலை” என்றாள் அக்கா. அவளுக்கு வேலை நிலைத்தது, தம்பி படித்தான். தோழியைக் கவனக்குறைவு என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதை அவள் அவனிடம் சொன்னது மொட்டைமாடியில், கொடியிலிருந்து எடுத்த விரிப்பை இருவரும் மடிக்கும்போது. ஆளுக்கொரு முனை பிடித்து, உதறி, மடிப்புக்கு மடிப்பு கிட்டே வந்து, கடைசி மடிப்பில் முகத்துக்கு முகம் நின்றபோது சொன்னாள்.

“அவங்க இருக்கிற இடம் தெரியுமில்ல, நேர்லயே போய்ச் சொல்லலாமேக்கா” என்றான் அவன்.

“ரெண்டு மூணு தடவை தெருமுனை வரைக்கும் போயிட்டேன்டா. வாய் வரமாட்டேங்குது. நீ எழுது. படமா வந்தா அவ இருட்டுல உக்காந்து பார்ப்பா. நானும் பின்னாடி வரிசையில எங்கேயாவது உக்காந்திருப்பேன். அது போதும்.” பிறகு விரிப்பை அவன் கையில் வைத்து அழுத்தினாள். “ஒண்ணே ஒண்ணு. கட்டினது நான்தான்னு வரணும். அதை மட்டும் மாத்திடாதே.”

“சத்தியமா மாத்தமாட்டேன்” என்றான்.

நன்றாகத்தான் எழுதினான், அதைச் சொல்லியாக வேண்டும். முதல் காட்சியில் வசனமே கிடையாது. ஒரு பெண்ணின் கைகள் சட்டத்தைத் தூக்கிப் பிடித்துக் கம்பியைச் சுற்றுகின்றன, முறுக்குகின்றன. யாருடைய விரலையும் கீறிவிடக் கூடாது என்று கூர்முனையை உள்பக்கமாக மடித்துவிடுகின்றன. அவன் படித்துக் காட்டியபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். “ஆமா. இப்படித்தான்” என்றாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முதல் ஏஜென்ட்டுக்கு இரண்டு கையிலும் போன். “ஆரம்பத்துலயே தப்பு பண்றவளை எவன் சார் காசு கொடுத்துப் பார்ப்பான்? கட்டமாட்டேன்னு அவ சொல்லட்டும்” என்றார். அவன் வீட்டுக்கு வந்து காகிதத்தில் அவளை அப்படியே சொல்ல வைத்தான். அடுத்தவர், பொம்பளை வேண்டாம், துடிப்பாக ஒரு பையனைப் போடுங்கள் என்றார். போட்டான். மூன்றாமவர் விறுவிறுப்பு போதாது என்று ஒற்றை வரி அனுப்பினார். உடனே கதையில் பையன் கம்பியை மேற்பார்வையாளரின் மூஞ்சியில் வீசி எறிந்தான், சலவைக்கூடமே கைதட்டியது. பழையதை எடுத்து வைக்கவும் இல்லை, அதன்மேலேயே அழித்து அழித்து எழுதினான். பதினோராவது பக்கத்திலிருந்து கை வைக்கவே இல்லை. அதை யார் கேட்டார்கள்? ஏஜென்ட் கிடைக்கட்டும், அப்புறம் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிக்கொள்ளலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னான். அப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டு மாற்றியவன் இந்த உலகத்தில் எவனும் இல்லை.

அக்காவிடம் மூச்சுவிடவில்லை. அவள் போனில் கேட்கும்போதெல்லாம், “பார்த்துட்டிருக்காங்கக்கா” என்று பூசி மெழுகினான். அவனைவிட அவள்தான் அந்த ஏஜென்ட்டுக்காக அதிகம் காத்திருந்தாள் என்பது அவனுக்குத் தெரியாததில்லை.

பல் டாக்டர் ஒருவருக்கு ரவுண்டானாவில் வண்டி திருப்பப் பழக்கிக்கொண்டிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. பெரிய ஏஜென்ட். ஊரே மரியாதையோடு பேசுகிற அம்மாள். அவருடைய உதவியாளர், “பத்துப் பக்கம் படிச்சோம், மேடத்துக்கு மீதியும் வேணுமாம். இன்னிக்கே அனுப்பிடுங்க” என்றார். சந்தோஷத்தில் இவன் பிரேக்கை மிதித்துவிட்டான். வண்டி நடு ரோட்டில் நின்றது, பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

“நான் ஒண்ணும் பண்ணலையே மாஸ்டர்!” என்றார் டாக்டர்.

“நீங்க பிரமாதமா ஓட்டுறீங்க டாக்டர்” என்றான் இவன். வாழ்க்கையில் அவரிடம் சொன்ன முதல் பொய்.

தலைகால் புரியவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, படித்துக்கூடப் பார்க்காமல், முழுசையும் அப்படியே அனுப்பினான். புதுப் பத்தும் பழைய நூறும் ஒன்றாகப் போயின. அனுப்பிய கையோடு அக்காவுக்கும் சொன்னான்.

“நிஜமாவாடா?”

“நிஜமாத்தான்க்கா. மேடம் நேர்ல கூப்பிடுவாங்க.”

“அப்படின்னா அந்த முதல் பத்துப் பக்கம் எனக்கு ஒரு காப்பி வேணும்டா.”

“எதுக்குக்கா இப்போ? பார்ப்போம்” என்று மென்று முழுங்கினான். எதற்கு என்று அவளும் சொல்லவில்லை.

இரண்டொரு நாளில் ஏஜென்ட் அம்மாள் வரச் சொல்லிவிட்டார். கிளம்புகிற அவசரத்தில் ஆபீஸில் சாவியைக் கொடுக்கப் போனபோது கணக்கம்மாள், “உங்க அக்கா வந்தாங்க. ஏதோ பத்துப் பக்கம் வேணும்னாங்க, அதான் கம்ப்யூட்டர்லயே இருக்கேன்னு பிரின்ட் போட்டுக் கொடுத்துட்டேன். சந்தோஷமா வாங்கிட்டுப் போனாங்க” என்றார்.

கம்ப்யூட்டரில் இருந்தது மாற்றி எழுதிய பத்துப் பக்கம். போனைக் கையில் எடுத்தான். அக்காவின் எண்ணைத் தொடுவதற்குள், இப்போது சொன்னால் திட்டுவாள், அழுவாள், அந்தக் குரலோடு அங்கே போய் உட்கார முடியாது என்று தோன்றியது. படித்தால் படிக்கட்டும். திட்டுவதை ஏஜென்ட் ஒப்புக்கொண்ட பிறகு திட்டட்டும், காலில் விழுந்துவிடலாம். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். ஒரே ஒரு போன். அதைப் பண்ணியிருக்கலாம்.

ஏஜென்ட் அம்மாள் மேஜைமேல் காகிதங்களை இரண்டு கட்டாகப் பிரித்து வைத்திருந்தார். ஒன்று மெலிசு, ஒன்று தடி.

“இந்தப் பத்துப் பக்கத்தை எழுதினது யாரு?”

“நான்தான் மேடம்.”

“இது?” என்று தடிக்கட்டைத் தொட்டார்.

“அதுவும் நான்தான்.”

“நம்பவே முடியலை. இதுல ஒரு பையன் வீரமா கம்பியைத் தூக்கி எறியறான். பதினொண்ணாவது பக்கத்துல அவனையே காணோம். ஒரு பொம்பளை வர்றா. குத்தம் பண்ணிட்டு, சோத்துல கை வைக்க முடியாம உக்காந்திருக்கா. என்ன குத்தம்னே நமக்குத் தெரியலை.” கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “பத்துப் பக்கம் எங்க ஆளுங்களுக்குப் பிடிச்சிருந்தது. எனக்கு அது வேண்டாம், அந்த மாதிரி வாரத்துக்கு நாலு வருது. எனக்கு இந்தப் பொம்பளைதான் வேணும். கம்பியைக் கட்டினது இவதானே?”

“ஆமா மேடம்.”

“அப்புறம் ஏன் அதை எடுத்தீங்க?”

மற்றவர்கள் சொன்னார்கள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

“அந்தப் பழைய ஆரம்பத்தைக் கொடுங்க. நான் எடுத்துக்கறேன்” என்றார்.

இத்தனை வருஷம் கேட்க ஏங்கிய வார்த்தை. வெளியே வந்தவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்காவின் கதையை அக்கா சொன்னபடியே கேட்கிறார்கள்! தான் செய்த கோணல் எல்லாம் நேராகிவிட்டது என்றே நினைத்தான். அவள் என்ன திட்டினாலும் இந்த ஒரு சேதியில் எல்லாம் கரைந்துவிடும். போனில் சொல்ல மனசு வராமல் நேரே அவள் வீட்டுக்கு ஓடினான்.

அக்கா மொட்டைமாடியில் கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வெளியே போய்வந்த புடவையை மாற்றவில்லை. மடியில் அந்தப் பத்துப் பக்கம், கோணல்மாணலாக நாலாய் மடித்துக் கிடந்தது.

“அக்கா, மேடம் ஒத்துக்கிட்டாங்க! கட்டினது நீதான்னு…”

“அவ வீட்டுக்குப் போயிருந்தேன்டா” என்றாள்.

அவன் அவள் மடியிலிருந்த காகிதத்தைப் பார்த்தான்.

“படம் வர்றதுக்கு முன்னாடி இதைக் கொடுத்துட்டு வந்துடலாம்னு போனேன். திடீர்னு தியேட்டர்ல பார்த்தா பாவம்தானே. நான் படிக்கலைடா. எனக்குத் தெரிஞ்ச கதைதானேன்னு அப்படியே கொடுத்துட்டேன். என்னால வாயால சொல்ல முடியலை, இதுல இருக்கு, படிச்சுக்கோன்னு சொன்னேன். என் எதிர்லயே உக்காந்து படிச்சா. நான் அவ மூஞ்சியையே பார்த்துட்டிருந்தேன்.”

“அக்கா…”

“படிச்சு முடிச்சுட்டு, இதுல யாரோ கட்டமாட்டேன்னு சொல்றாங்களேடின்னா. எனக்கு ஒண்ணும் புரியலை. அப்புறம் சொன்னா. கட்டினது நீன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டி, அப்படி முனையை உள்ளே மடிச்சு விடுறது நீ மட்டும்தான். நீயே வந்து ஒருநாள் சொல்லுவேன்னு இருந்தேன், இத்தனை வருஷம் கழிச்சு இதைக் கொண்டாந்து கொடுக்கிறியேன்னா.” அக்கா காகிதத்தைத் தடவி நேராக்கப் பார்த்தாள். “இடது கையாலேயே மடிச்சுத் திருப்பிக் கொடுத்தா.”

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பஸ் ஏறுமுன் கையில் வைத்திருந்த போன் நினைவுக்கு வந்தது. மடையன், மடையன் என்று தன்னையே வைதுகொண்டான்.

“நான் போறேன்க்கா. தப்பு என்னோடதுன்னு அவங்ககிட்டச் சொல்றேன். பழையபடி எழுதி…”

“வேணாம்” என்றாள். கோபம்கூட இல்லை குரலில். “நீ எழுதித்தான் சொல்லுவே. அவ காத்திருந்தது என் வாயால கேக்க.”

அந்தப் பழைய பத்துப் பக்கமும் அவனுக்கு வரிக்கு வரி மனப்பாடம். உட்கார்ந்தால் திரும்ப எழுதிவிடுவான். ஏஜென்ட் காத்திருக்கிறார், படமும் வரலாம், ஊரே பார்க்கலாம். இருட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய இரண்டு பேர் மட்டும் வரமாட்டார்கள்.

அக்கா எழுந்து கொடியிலிருந்து விரிப்பை இறக்கினாள். பெரிய விரிப்பு, இரண்டு ஆள் பிடித்தால்தான் மடிக்க வரும். அவன் பதறி எழுந்து போய் மறுமுனைக்குக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. ஒரு ஓரத்தை மோவாயில் இடுக்கிக்கொண்டு, மறு ஓரம் தரையில் புரள, தனியாகவே மடித்தாள்.